கட்டை போன ராத்திரிகள்

பீஸ் போன கட்டையைக் கழற்றி எடுத்ததும் அதிலிருந்து ஒரு வாசனை வரும். பீங்கானுக்கு என்று தனியாக ஒரு வாசனையும் கிடையாது, செம்புக்கும் அப்படித்தான். ஆனால் கம்பி உருகி, அந்தப் புகை கட்டையின் குழிக்குள் கறுப்பாகப் படிந்திருக்கும்போது அதை மூக்குப் பக்கம் கொண்டுபோனால் லேசாகக் காந்தலும் லேசாக உலோகமுமாக ஒன்று ஏறும். எங்கள் வீட்டில் அதோடு தாத்தாவின் விரல்களில் ஒட்டியிருந்த மூக்குப்பொடி நெடியும், அரிக்கேன் லைட்டின் மண்ணெண்ணெய் வாடையும், ஐப்பசி மழையில் ஊறிய சுண்ணாம்புச் சுவரின் மணமும் சேர்ந்துகொள்ளும். இத்தனையும் கலந்த ஒன்றைத்தான் நான் வெகுகாலம் கரண்டின் வாசனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்பாசமுத்திரத்துப் பக்கம் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் இருந்தது தாத்தா வீடு. 1944-ல் பாபநாசத்தில் மின் நிலையம் ஓடத் தொடங்கி, அதற்குச் சில வருஷம் கழித்து எங்கள் தெருவுக்குக் கம்பி வந்தபோது, முதலில் இழுத்துக்கொண்ட நாலைந்து வீடுகளில் அதுவும் ஒன்று. அந்தப் பெருமை தாத்தாவுக்குக் கடைசிவரை குறையவில்லை. பாபநாசத்தில் தண்ணீர் விழுந்துதான் கரண்டு எடுக்கிறார்கள் என்று அவர் சொன்னதை நான் என் கணக்கில் வாங்கிக்கொண்டேன். அதாவது, வயருக்குள்ளே பொடிசாகத் தண்ணீர் ஓடிவருகிறது. தாமிரபரணியில் வெள்ளம் வந்தால் வயரிலும் வெள்ளம் வரும். மழைக்காலத்தில் அடுக்களைச் சுவரைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறதே, அது வயரிலிருந்து கசிந்த ஈரம்தான். இந்தக் கொள்கையை மூன்றாம் வகுப்புத் தோழிகள் எல்லாருக்கும் விளக்கிச் சொல்லியிருக்கிறேன். ஒருத்தியும் மறுத்துப் பேசவில்லை, அவர்கள் வீட்டில் அப்போது கரண்டே வரவில்லை.

தார்சாவில் நுழைந்ததும் இடப்பக்கச் சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே, தேக்குப் பலகை ஒன்றில் எல்லாம் இருந்தன. முதலில் மீட்டர். கறுப்பு இரும்பு மூடி, நடுவில் சின்னக் கண்ணாடி, அதற்குள்ளே ஒரு தகட்டு வட்டம் படுக்கைவசமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அதன் விளிம்பில் சிவப்பாக ஒரு குறி. சித்தப்பா சட்டை தேய்க்கும்போது அந்தக் குறி வேகமாக ஓடிவரும். எல்லாரும் படுத்த பிறகு பார்த்தால் நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியாது. மீட்டருக்குப் பக்கத்தில் சாம்பல் நிற இரும்புப் பெட்டி, அதன் விலாவில் ஒரு கைப்பிடி, அது மெயின். அதற்கும் அப்பால் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு மரப்பெட்டி. திறந்தால் வெள்ளை வெளேரென்று பீங்கான் கட்டைகள், மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை. ஒவ்வொரு ஜோடிக்கும் நேராகக் கதவின் உட்பக்கம் ஒரு துண்டுக் காகிதம், கஞ்சிப் பசையால் ஒட்டி, தாத்தாவின் பென்சில் எழுத்தில்: ‘தார்சா – பட்டாசல்’, ‘அடுக்களை – புறவாசல்’, ‘மச்சு’, ‘பெட்டி பிளக்’. பெட்டி என்றால் இஸ்திரிப் பெட்டி.

அந்தக் கதவை வீட்டில் வேறு யாரும் திறக்கக் கூடாது. ஆச்சி பூஜைக்கு வைத்திருந்த வெள்ளிச் சாமான் அலமாரியையாவது நாங்கள் கெஞ்சித் திறக்க வைத்ததுண்டு, இது நடக்காது. சாவி தாத்தாவின் அரைஞாணில் தொங்கியது.

இப்போது ஒரு ராத்திரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆச்சி அடுக்களையில் தோசைக்கல்லைப் போட்டிருக்கிறாள், பட்டாசலில் இலங்கை வானொலி பாடிக்கொண்டிருக்கிறது, மச்சில் சித்தப்பா கணக்குப் பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்லிவிட்டு வேறு ஏதோ வாசித்துக்கொண்டிருக்கிறார். தார்சாப் பக்கம் ‘பட்’டென்று ஒரு சின்னச் சத்தம். பாட்டு பாதி வரியில் நிற்கும், மேலே மின்விசிறி மட்டும் நடந்தது தெரியாமல் இன்னும் கொஞ்சம் சுற்றி, முனகி, அடங்கும். ஒரு கணம் யாரும் பேசமாட்டார்கள். அப்புறம் எல்லாரும் ஒரே சமயத்தில் பேசுவார்கள்.

“யாரும் எந்திரிக்கக் கூடாது, இருந்த எடத்துலயே இரிங்க” என்று இருட்டுக்குள்ளிருந்து தாத்தாவின் குரல் வரும். அடுத்தது எனக்கு. “ஏட்டி, தெருவுல போய்ப் பாரு. எதுத்தாப்ல எரியுதா?”

அதுதான் முதல் படி. எதிர்வீட்டில் விளக்கு எரிந்தால் கோளாறு நம்முடையது. தெருவே இருட்டென்றால் பேசாமல் வந்து திண்ணையில் உட்கார வேண்டியதுதான். நான் வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, “எரியுது தாத்தா!” என்று கத்துகிற கத்தலில் என்னை அறியாமல் ஒரு சந்தோஷம் இருக்கும். எதிர்வீட்டுக்காரர்கள் என்ன நினைத்தார்களோ.

பிறகு அரிக்கேன் லைட் வரும், உட்காரும் மணை வரும், ஒரு பழைய பிஸ்கட் தகரடப்பா வரும். மணை உட்காருவதற்கு அல்ல, ஏறி நிற்பதற்கு. காய்ந்த மரத்தின்மேல் நிற்காமல் தாத்தா அந்தப் பெட்டியில் கை வைத்து நான் பார்த்ததில்லை. தகரடப்பாவில் ஒரு டெஸ்டர், மரப்பிடி போட்ட திருப்புளி, ஒரு துண்டு உப்புத்தாள், அட்டையில் சுற்றிய பீஸ் கம்பி, ஒரு ஹோல்டரில் மாட்டி இரண்டு வயர் தொங்கவிட்ட பல்பு, அப்புறம் எதற்கென்று தெரியாத சில திருகாணிகள். மெயின் கைப்பிடியைக் கீழே இறக்கிவிட்டு, இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வேட்டி முடிச்சில் செருகிக்கொள்வார். வலது கை ஒன்றுதான் வேலை செய்யும். இரண்டு கையும் ஒரே நேரத்தில் பெட்டிக்குள் இருந்தால், தவறிப் பட்டுவிட்டால், கரண்டு ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கும்போது நடுவில் நெஞ்சு இருக்கிறது என்பது அவர் சொன்ன காரணம். அந்தக் காலத்து வயர்மேன்கள் எல்லாரும் கடைப்பிடித்த வழக்கம்தான் இது. எனக்கென்னவோ அது பரதநாட்டிய நிலை ஒன்றாகத்தான் தோன்றியது. தனியாக இருக்கும்போது கண்ணாடி முன்னால் நின்று பழகிப் பார்ப்பேன்.

கட்டையை உருவி எடுத்ததும் உடனே புதுக் கம்பி மாட்டிவிட மாட்டார். அங்கேதான் தாத்தாவுக்கும் தெருவில் மற்றவர்களுக்கும் வித்தியாசம். லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வைத்தியர் நாக்கைப் பார்க்கிற மாதிரி அந்தக் குழிக்குள் பார்ப்பார். பிறகு என்னிடம் காட்டுவார்.

“என்ன தெரியுது?”

“கம்பி அந்துபோயிருக்கு.”

“அது தெரிஞ்ச விஷயம்லா. எப்படி அந்துருக்கு?”

கம்பி நடுவில் மட்டும் உருகி, இரண்டு முனையிலும் குட்டிக் குட்டி உருண்டை நின்று, பீங்கான் அவ்வளவாகக் கறுக்காமல் இருந்தால் பாரம் கூடிவிட்டது என்று பொருள். யாரோ ஒரே சமயத்தில் நிறையச் சாமான்களைப் போட்டிருக்கிறார்கள். கம்பி மெதுவாகச் சூடேறிப் பொறுமையிழந்திருக்கிறது. அப்படியில்லாமல் கம்பியே காணாமல்போய், குழி முழுக்கக் கறுத்து, ஓரங்களில் செம்புப் பொடி தெறித்துப் பளபளத்தால் அது ஷார்ட். எங்கேயோ இரண்டு கம்பிகள் நேரடியாக ஒன்றையொன்று தொட்டிருக்கின்றன. முதலாவதற்கு ஒரு சாமானை அணைத்துவிட்டுக் கம்பி மாட்டினால் போதும். இரண்டாவதற்கு இடத்தைக் கண்டுபிடிக்காமல் கம்பி மாட்டினால் அடுத்த கம்பியும் போகும். “செத்தவனைப் பாத்தாத்தான் சாவு எப்படி வந்துன்னு தெரியும்” என்பார். ஆச்சி அடுக்களையிலிருந்து, “வெள்ளியும் அதுவுமா என்ன பேச்சு பேசுதாவ!” என்று குரல் கொடுப்பாள்.

கம்பி மாட்டுவதற்கும் முறை இருந்தது. திருகாணி எந்தப் பக்கம் இறுகுமோ அந்தப் பக்கமாகவே கம்பியைச் சுற்ற வேண்டும். அப்போதுதான் முடுக்கும்போது உள்ளே இழுத்துக்கொள்ளும், மாற்றிச் சுற்றினால் வெளியே தள்ளிவிடும். விறைப்பாக இழுத்துக் கட்டக் கூடாது, கொஞ்சம் தொய்வு வேண்டும். மாட்டும் முன்பு கட்டையின் பித்தளை நாக்குகளை உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு. விளக்கு வரிசைக்கு 5 ஆம்பியர் கம்பி, இஸ்திரிப் பெட்டிக்கு 15. கடையில் கம்பி வாங்கிவர மறந்த நாளில், பழைய வயர்த் துண்டு ஒன்றைச் சீவி அதிலிருந்து ஒரே ஓர் இழையை உருவுவார். அப்போது புழக்கத்தில் இருந்தது 14/36 வயர், அதாவது 36-ம் நம்பர் தடிமனில் 14 இழைகள். ஓர் இழை கிட்டத்தட்ட 0.2 மில்லிமீட்டர் வரும். 5 ஆம்பியர் பீஸ் கம்பியின் தடிமனும் ஏறக்குறைய அதேதான். ஆகவே ஓர் இழை வைத்தால் குற்றமில்லை.

ஆனால் எதிர்வீட்டு அண்ணாச்சிக்கு ஓர் இழையில் திருப்தி இருக்காது. நாலைந்து இழைகளைத் திரித்துப் போட்டுவிட்டு, “இனி அது நின்னு பேசும் பாருங்க” என்பார். தாத்தா ஒன்றும் சொல்லாமல் மூக்குப்பொடியை எடுப்பார். வீட்டுக்குள் வந்த பிறகுதான் பொரிவார்: “கட்டை நின்னுட்டா வயருல்லாவே எரியும்! வீட்டுல எதாவது ஒண்ணு மொதல்ல போகணும்னா அது காலணாக் கம்பியா இருக்கட்டும்.” இந்த யோசனைக்கு எடிசன் 1880-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார் என்பதையும், பிரிட்டிஷ் தபால் துறைப் பொறியாளர் வில்லியம் பிரீஸ் அதே பத்தாண்டில் விதவிதமான கம்பிகளை உருக்கிப் பார்த்துக் கணக்குச் சொன்னார் என்பதையும் நான் பின்னாளில் படித்தேன். கம்பியின் குறுக்களவை இரண்டு மடங்காக்கினால் அதை உருக்கத் தேவையான மின்னோட்டம் இரண்டு மடங்கோடு நிற்பதில்லை, ஏறத்தாழ 2.8 மடங்காகிவிடுகிறது. எதிர்வீட்டு அண்ணாச்சியின் கட்டை எவ்வளவு தாங்கியிருக்கும் என்று அன்றைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த வீடு இன்றைக்கும் நிற்பதற்கு இசக்கியம்மன்தான் காரணமாக இருக்க வேண்டும்.

கட்டைக்குத் தெரியாத நோய்களும் உண்டு. ஒரு கார்த்திகை சோமவாரம். ஆச்சி விரதம். சாயங்காலம் பட்டாசலில் திடீரென்று மீன் வாடை. சைவச் சாப்பாட்டு வீடு. ஆச்சி பூண்டுக்கே முகம் சுளிக்கிறவள். “எந்தப் பூனை எதைக் கொண்டாந்து போட்டுருக்கோ, சிவ சிவா” என்று மச்சுப் படிக்கு அடியிலும் நெல்குதிர் இடுக்கிலும் எங்களை விட்டுத் தேடச் சொன்னாள். நாங்கள் விளக்குமாற்றோடு குனிந்து தவழ்ந்துகொண்டிருக்கிறோம், சித்தப்பா எதையும் கவனிக்காமல் மறுநாள் வேலைக்கான சட்டையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார், ரேடியோவில் பாட்டுக்கு நடுவே கரகரவென்று இரைச்சல். மழை நாளில் இலங்கை வானொலி கரகரப்பது சகஜம்தான். தாத்தா மட்டும் ஈஸிசேரில் சாய்ந்தபடி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தார். சட்டென்று எழுந்தார்.

“ஏல, பெட்டியை ஆஃப் பண்ணு.”

அணைத்ததும் ரேடியோவின் இரைச்சல் நின்றது. போடச் சொன்னார், இரைந்தது. மறுபடி அணைக்கச் சொல்லி, சுவரில் இருந்த கறுப்பு பேக்லைட் பிளக்கைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். கொதிக்கிறது. மெயினை இறக்கிவிட்டுக் கழற்றினால், உள்ளே ஒரு திருகாணி தளர்ந்து, வயரின் முனை பச்சையும் கறுப்புமாக வெந்து கிடக்கிறது. மீன் வாடை அங்கிருந்துதான். பேக்லைட்டும் அந்த மாதிரிப் பொருள்களும் அளவுக்கு மீறிச் சூடானால் அப்படித்தான் நாறும். தளர்ந்த முனையில் பொறி பறந்துகொண்டிருந்ததைத்தான் ரேடியோ இரைச்சலாக வாங்கிச் சொல்லியிருக்கிறது. பீஸ் ஏன் போகவில்லை என்று கேட்டேன். “கரண்டு கூடலியே, அது ஏன் போகும்? இதுக்கெல்லாம் மூக்கும் காதும்தான் பீஸு” என்றார். ஆச்சி அன்றைக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டு, பட்டாசல் முழுக்கச் சாம்பிராணி போட்டாள். மின்சார மீன் என்றாலும் மீன்தான்.

இன்னொரு மர்மம் மச்சில் நடந்தது. மேல் விளக்கு எரியவில்லை. கட்டையை எடுத்துப் பார்த்தால் கம்பி பத்திரமாக இருக்கிறது. டெஸ்டரை என் கையில் கொடுத்து, சித்தப்பாவை முதுகுக்குப் பின்னால் நிறுத்தி, மச்சுப் பிளக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். ஒரு துளையில் வைத்தேன், டெஸ்டரின் வயிற்றில் அந்தக் குட்டிச் செம்மஞ்சள் வெளிச்சம் வந்தது. அது நியாயம். பழக்கதோஷத்தில் மறு துளையிலும் வைத்தேன். அங்கும் எரிந்தது! இரண்டு துளையிலும் கரண்டு, ஆனால் பல்பு மட்டும் இருட்டு. கரண்டு அதிகமாகிப்போய்விட்டது, பாபநாசத்தில் மதகைத் திறந்துவிட்டார்கள் என்று நான் படியிறங்கி ஓடினேன்.

தாத்தா சிரிக்கவில்லை, அவர் முகம் மாறிவிட்டது. “மச்சுல ஒருத்தரும் எதையும் தொடாதிய” என்று சொல்லிவிட்டு மெயினை இறக்கிக் கீழ்வரிசையைத் திறந்தார். எங்கள் பெட்டியில் கரண்டு போகிற கம்பிக்கு ஒரு பீஸ், திரும்பி வருகிற நியூட்ரல் கம்பிக்கும் ஒரு பீஸ் என்று இரண்டு வரிசை இருந்ததைச் சொன்னேன் இல்லையா? போனது கீழே உள்ளது. போகிற வழி திறந்திருக்கிறது, வருகிற வழி அடைத்துவிட்டது. விளக்கின் சுவிட்ச் போட்டிருந்ததால் கரண்டு பல்பைத் தாண்டி மறு கம்பி வரைக்கும் போய், போக்கிடம் இல்லாமல் நின்றுகொண்டிருக்கிறது. விளக்கு எரியாததைப் பார்த்து, கரண்டு இல்லை என்று நம்பி யாராவது ஹோல்டருக்குள் விரலை விட்டால் முடிந்தது கதை. இதனால்தான் 1956-ம் வருஷத்து இந்திய மின்சார விதிகளில், தரையோடு இணைத்த நியூட்ரலில் தனி பீஸ் கூடாது என்று வைத்தார்கள். எங்கள் வீட்டுப் பெட்டி அதற்கும் முந்தியது. கீழ்வரிசையை எடுத்துவிடலாமே என்று வயர்மேன் அண்ணாச்சி பலமுறை சொல்லிப் பார்த்தார். “சேத்துப் பாத்துக்கிடுதேன் வே, அது பாட்டுக்கு இருக்கட்டும்” என்று தாத்தா தட்டிக் கழித்தார். ஜோடி பிரிவது அவருக்குப் பிடிக்கவில்லை போலும்.

வயர்மேன் அண்ணாச்சியை நாங்கள் அழைப்பது அபூர்வம். தாத்தாவின் வித்தை தீர்ந்துபோன பிறகுதான் ஆள் போகும். அப்படி ஒரு மழைக்காலம் வந்தது. ‘அடுக்களை – புறவாசல்’ கட்டை, மழை பெய்தால் போகிறது, வெயிலடித்தால் நிற்கிறது. எடுத்துப் பார்த்தால் குழியெல்லாம் கறுப்பு, செம்புத் தெறிப்பு, சந்தேகமில்லாமல் ஷார்ட். தாத்தா அடுக்களை விளக்கை மாற்றினார், சுவிட்சைக் கழற்றிக் குடும்பத்தோடு அங்கே குடியிருந்த பல்லியை வெளியேற்றினார், புறவாசல் ஹோல்டரைத் துடைத்தார். மழை வந்தது, கட்டை போனது. பீஸ் கம்பி அட்டை வெறும் அட்டையாயிற்று. ஆச்சி அடுக்களையில் சிம்னி வெளிச்சத்தில் ரசம் வைத்து, அதில் உப்பைப் போட்டாளா இல்லையா என்று எங்களிடம் கேட்கத் தொடங்கியிருந்தாள்.

வயர்மேன் அண்ணாச்சி ஒரு மழை நாளாகப் பார்த்தே வந்தார். சைக்கிளில் குடை, குடைக்குள் காக்கிப் பை, காதில் பீடி. “வெயில்ல வந்தா இது ஆப்டாது பாட்டையா” என்றார். மெயினை இறக்கச் சொல்லி, கட்டையை உருவி எடுத்துவிட்டு, அது இருந்த இடத்தில் 100 வாட் பல்பு மாட்டிய டெஸ்ட் லாம்பின் இரண்டு வயரையும் செருகினார். அடுக்களையிலும் புறவாசலிலும் எல்லா சுவிட்சையும் அணைக்கச் சொன்னார். பிறகு மெயின் ஏறியது. பல்பு பிரகாசமாக எரிந்தது.

எல்லாம் அணைந்திருக்கும்போது அது எரியக் கூடாது என்பதுதான் விஷயம். கரண்டு எங்கேயும் போக வழியில்லாத நேரத்தில் போகிறதென்றால் வழியில் ஓட்டை இருக்கிறது, அதுவும் சாமான்களில் இல்லை, வயரிலேயே. கம்பி போட்டிருந்தால் அந்த ஓட்டையில் பாயும் வேகத்துக்கு உருகிப்போயிருக்கும். பல்பு இருப்பதால் அரை ஆம்பியருக்கும் குறைவாகத்தான் பாயும், ஒன்றும் கருகாது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தேடலாம். பீஸ் கம்பிக்குக் கேள்வி கேட்க ஒரே ஒரு தரம்தான் வாய்ப்பு, இந்தப் பல்பை ராத்திரி முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

என்னைத் தார்சாவில் பல்புக்குக் காவல் வைத்தார்கள். தாத்தா மெயின் கைப்பிடியில். அண்ணாச்சி அடுக்களையில் ஏணிமேல், ஜாயிண்ட் பெட்டியைத் திறந்து. “இறக்குங்க” என்று அங்கிருந்து குரல் வரும், தாத்தா இறக்குவார். அண்ணாச்சி ஒரு கிளையைப் பிரித்து வைத்துவிட்டு, “ஏத்துங்க” என்பார். “எரியுது!” என்று நான். மறுபடி “இறக்குங்க.” அடுத்த கிளை. “ஏத்துங்க.” “எரியுது!” நடுவில் ஆச்சி என்ன எரிகிறது, அடுப்பில் ஒன்றும் இல்லையே என்று கேட்டாள். மழை ஓட்டில் கொட்டிக்கொண்டிருந்தது, என் குரல் கம்மிக்கொண்டு வந்தது, பொறுப்போ ஏறிக்கொண்டே போனது. நான் ஒரு தரம் பொய் சொன்னால்கூட அந்த வீட்டுக்கு விடிவில்லை என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்புறம் ஒரு தரம் மெயின் ஏறியது. பல்பில் ஒன்றும் இல்லை.

“அணைஞ்சிட்டு! அணைஞ்சிட்டு!”

அவ்வளவு சந்தோஷமாக இருட்டை அறிவித்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். கடைசியாகப் பிரித்தது புறவாசலுக்குப் போகும் கிளை. ரப்பர் உறைக்குள் இரண்டு கம்பியும் சேர்ந்து வரும் வயர் அது, மரச்சட்டத்தில் கிளிப் அடித்து வெளிச்சுவரில் போகிறது. அண்ணாச்சி டார்ச் அடித்தபடி அதன்மேல் விரலை ஓட்டிக்கொண்டே போய், ஆச்சியின் மாவுச் சல்லடை தொங்கிய இடத்தில் நின்றார். சல்லடையை எடுத்தார். பின்னால் துருப்பிடித்த ஆணி, வயரின் நட்டநடுவில், சரியாக இரண்டு கம்பிக்கும் இடையே இறங்கியிருந்தது. கோடை முழுக்க அது யாருக்கும் தொந்தரவில்லாமல் சல்லடையைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. மழைத் தண்ணீர் ஆணி வழியாக உள்ளே இறங்கியபோதுதான் ஒரு பக்கத்துக் கம்பிக்கும் மறு பக்கத்துக் கம்பிக்கும் பாலம் போட்டிருக்கிறது.

“யாரு இங்கன ஆணி அடிச்சது?” என்று அண்ணாச்சி கேட்டார். ஆச்சி தாத்தாவைப் பார்த்தாள். தாத்தா மழையைப் பார்த்தார். “அண்ணாச்சிக்குக் காப்பி கொண்டா” என்று என்னை உள்ளே அனுப்பிவிட்டார்.

இப்படியே அந்தப் பெட்டியின் வாசலில் டார்ச்சும் கையுமாக நின்று நான் வளர்ந்தேன். கட்டையைப் பார்க்கத் தெரிந்த ஒரே வாரிசு நான்தான் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. வீட்டுக்கு மிக்ஸி வந்தது, கிரைண்டர் வந்தது, பழைய ரப்பர் வயரெல்லாம் வெடித்துப் பொடிந்தது. நான் கல்லூரிக்குப் போன காலத்தில் சித்தப்பா பிடிவாதமாக நின்று வீட்டுக்குப் புது வயரிங் செய்தார். தேக்குப் பலகை இறங்கிற்று. இரண்டு வரிசைக் கட்டையும் போய், விரலளவு கறுப்பு நாக்குகளோடு எம்.சி.பி. பெட்டி ஏறிற்று. சாவியும் கிடையாது, மணையும் வேண்டாம்.

விடுமுறைக்குப் போனபோது தாத்தா அதை எனக்குக் காட்டினார், அவ்வளவாக ஒட்டாத சொந்தக்காரரை அறிமுகப்படுத்தும் குரலில். “இதுல என்னட்டி தெரியுது? விழுந்தா விழுந்து கெடக்கு. பாரம் கூடி விழுந்தானா, ஷார்ட்டாகி விழுந்தானா, ஒரு அடையாளம் உண்டா?” ஆசாமி சொல்வதில் நியாயம் இருந்தது. நானும் தலையை ஆட்டினேன். நாங்கள் இரண்டு பேரும் ஒரு மறைந்த கலையின் கடைசி ஆட்களாக அங்கே கொஞ்ச நேரம் நின்றோம்.

மறுநாள் காலையில் தாத்தாவும் நானும் ஆற்றில் குளித்துவிட்டு வருகிறோம். புறவாசலில் ஆச்சி வேட்டியை விரித்துக் கூழ்வத்தல் பிழிந்து காயப்போட்டிருக்கிறாள். காற்றில் பறக்காமல் இருக்க ஓரங்களில் பாரம் வைத்திருந்தது. கிட்டப்போய்ப் பார்த்தால் எல்லாம் எங்கள் பீங்கான் கட்டைகள். மேல்வரிசையும் கீழ்வரிசையும் பேதமில்லாமல் கலந்து கிடந்தன. தாத்தா வாயைத் திறப்பதற்குள் ஆச்சி சொன்னாள்: “வந்தேளா? செத்த முந்தி கரண்டு போச்சு.”

தாத்தாவின் முகத்தில் எத்தனையோ நாளைக்கு அப்புறம் ஒரு வெளிச்சம். ஈரத் துண்டோடு தார்சாவுக்கு நடந்தார். நான் டார்ச்சைத் தேடினேன். பெட்டியைத் திறந்தால் எல்லா நாக்கும் மேலே ஏறியே இருக்கிறது. மின்விசிறி ஓடுகிறது.

“போச்சுன்னு சொன்னியே?”

“போச்சு. நான் சரிபண்ணிட்டேன்” என்றாள் ஆச்சி, பிழிகிற உழக்கை விட்டு நிமிராமல். “மொதல்ல எதுத்த வீட்டைப் பாத்தேன், அங்கன எரிஞ்சுது. எல்லாத்தையும் அணைச்சுட்டு அந்த நாக்கைத் தூக்கினேன், நின்னுட்டு. அப்பம் வயர்ல கோளாறு இல்லன்னு ஆச்சுல்லா? லைட்டைப் போட்டேன், ஃபேனைப் போட்டேன், ஒண்ணொண்ணாப் போட்டுட்டே வந்தேன். கிரைண்டரைப் போட்டதும் டப்புன்னு விழுந்துட்டு. குனிஞ்சு பாத்தா அது காலுக்கடில வயரு மாட்டி நசுங்கிக் கெடக்கு. பிடுங்கிப் போட்டுட்டேன். அந்தப் பிளக்கை யாரும் தொடாதிய.”

தாத்தா கிரைண்டரைச் சாய்த்து வயரை எடுத்துப் பார்த்தார். நசுங்கிய இடத்தில் உறை கிழிந்து செம்பு தெரிந்தது. வெகுநேரம் பார்த்தார். அத்தனை வருஷமும் தார்சாவில் அவர் எனக்கு நடத்திய பாடம் முழுவதும் சுவருக்கு அந்தப் பக்கம் அடுக்களையிலும் கேட்டுக்கொண்டிருந்தது என்பது எங்கள் இருவருக்கும் அன்றைக்குத்தான் உறைத்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது; டார்ச் பிடித்தவள் நானல்லவா.

“சரியாத்தான் பாத்துருக்கா” என்று தாத்தா என்னிடம் சொன்னார், ஆச்சிக்குக் கேட்காத குரலில்.

“கேட்டுது” என்றாள் ஆச்சி. “அந்தக் கட்டையில ரெண்டு இங்கிட்டு நகட்டி வைங்க, காத்து இந்தப் பக்கம் திரும்புது.”